ஐந்து என்று எழுதிய பாதை

சிவகாசியில் பட்டாசுப் பெட்டிக்கு லேபிள் அடிக்கும் அச்சகத்தில் எனக்கு வேலை. என் சிநேகிதனுக்கு எம். புதுப்பட்டியில் ஒரு கம்பெனியில் வெடிக்குத் திரி சொருகும் வேலை. ஞாயிற்றுக்கிழமை ஆனால் இருவரும் கரட்டுப் பக்கம் போய்ப் பாறை ஏறுவோம். பைத்தியங்கள் என்று ஊரில் சொன்னார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

ஏறுகிற பாதைக்கெல்லாம் கிரேடு உண்டு. நான்கு, ஐந்து, ஆறு ஏ, ஆறு பி என்று போகும். எண் ஏற ஏறப் பாதை கடினம். முதலில் ஏறியவன் அதை நோட்டில் எழுதிவைக்க வேண்டும். ஐந்து வரைக்கும் கயிறு வேண்டாம், ஆறு என்றால் கயிறு கட்டாமல் பாறையைத் தொடக்கூடாது. இது நாங்கள் வைத்துக்கொண்ட சட்டம். கீழே நின்று பார்த்தால் எல்லாப் பாறையும் ஒன்றுபோலத்தான் தெரியும். மேலே என்ன காத்திருக்கிறது என்று அந்த எண்தான் சொல்லும்.

அவன் என்னை விடமாட்டான். "ஏலே, ஒனக்கு எல்லாமே ஆறுதாம்லே! மொட்டை மாடிப் படிக்கும் ஆறு போடுவியே!" நானும் சிரிப்பேன். உள்ளுக்குள் எரியும்.

போன சீசனில் ஒரு ஞாயிறு அவனுக்கு வேலை இருந்தது. நான் மட்டும் போய், பின்பக்கமாக நடந்து உச்சிக்கு ஏறி, அங்கிருந்த வேப்பமரத்தில் கயிறு கட்டி, கீழே வந்து ஒரு புதுப் பாதையில் ஏறினேன். நடுவில் தொப்பை தள்ளினாற்போல ஒரு இடம். அங்கே பிடி நழுவி மூன்று முறை கயிற்றில் தொங்கினேன். ஆறு பி, சந்தேகமே இல்லை. நோட்டில் ஐந்து என்று எழுதினேன். அவன் வாயை அடைக்க வேண்டும், அவ்வளவுதான். த்தூ, நானெல்லாம் ஒரு மனுசன்!

"பரவாயில்லையே, திருந்திட்டியேலே" என்று நோட்டை வாங்கிக்கொண்டான். அடுத்த ஞாயிறு எனக்கு அவசர ஆர்டர். அவன் தனியாகப் போனான். ஐந்துதானே என்று கயிற்றை எடுத்துப் போகவே இல்லை. அந்தத் தொப்பையில் பிடி வழுக்கி விழுந்தான். வலது மணிக்கட்டு நொறுங்கிப்போனது.

எலும்பு கூடிவிட்டது, விரல்தான் மடங்கவில்லை. திரி சொருக முடியாது. இப்போது கம்பெனி வாசலில் உட்கார்ந்து, உள்ளே போகிறவர்களின் செல்போனையும் தீப்பெட்டியையும் வாங்கிவைக்கிறான். எப்போது போனாலும் ஒரே பேச்சு: "அஞ்சுல விழுந்துட்டேனேலே. நான் அம்புட்டுத்தான்." எட்டு மாதம் அதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தேன். பயம்.

போன ஞாயிறு அவன் வீட்டுக்குப் போனேன். "வாங்கண்ணே, சாப்பிட்டீகளா?" என்று கேட்டாள் அவன் மனைவி. எனக்கு அழுகை வந்துவிட்டது. நோட்டைக் கேட்டு வாங்கி, அவன் முன்னால் ஐந்தை அடித்துவிட்டு ஆறு பி என்று எழுதினேன்.

"ஏறுன அன்னைக்கே தெரியும்லே. ஒன் கேலிக்குப் பயந்து பொய் எழுதிட்டேன்."

அறைவான் என்று நினைத்தேன். அறைந்திருக்கலாம். அவன் இடது கையால் நோட்டை வாங்கி மனைவியைக் கூப்பிட்டான். "இங்கன வந்து பாரு. நான் விழுந்தது ஆறு பி. அஞ்சு இல்ல." அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. எட்டு மாதம் கழித்து அவன் முகத்தில் சிரிப்பைப் பார்த்தேன்.

கொஞ்ச நேரத்தில் அது நின்றுவிட்டது. "அப்ப நான் கயிறு கட்டியிருப்பேன்ல, ஏலே?" என்று மெதுவாகக் கேட்டான்.

"கட்டியிருப்பே" என்றேன்.