கமாலுதீனின் இடது கை

கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலுக்குப் பக்கத்துச் சந்தில் நாசி கண்டார் என்னும் குழம்புச் சோற்றுக் கடை வைத்திருக்கும் கமாலுதீனுக்கு ஐம்பத்தாறு வயது. அந்த வயதில் மற்றவர்கள் பேரப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு காற்று வாங்குவார்கள். இவரோ விடியற்காலையில் இளைஞர் பூங்காவில் ஓடிவிட்டு வந்துதான் குழம்புச் சட்டி முன் நிற்பார். மனைவி ஹபீபா பீவி சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டார். கூட ஓடுகிறவர் கணக்காய்வாளர் வயிரவன். இருவரும் மலேசிய மூத்தோர் தொடரோட்ட அணியில் இருக்கிறார்கள் என்றால் கடைக்கு வருகிற பாதிப் பேர் இன்னும் நம்புவதில்லை.

கமாலுதீனிடம் ஒரு பிடிவாதம் உண்டு. யாருக்கும் எதையும் இடது கையால் கொடுக்க மாட்டார், வாங்கவும் மாட்டார். வரிசை வாசலைத் தாண்டி நின்றாலும் சரி, வலது கையில் இருக்கும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுத்தான் சில்லறையைத் தொடுவார். இடது கையை நீட்டுவது எதிரே நிற்கும் ஆளை அவமதிப்பது என்பது அவர் ரத்தத்தில் ஊறிய விஷயம். கடையில் அது மரியாதை. ஓட்டத்தில் அதுவே வினையாகிவிட்டது.

உள்ளரங்கத் தடம் சின்னது. முன்னால் ஓடி வருகிறவரிடமிருந்து தொடரோட்டக் கோலை வாங்கக் காத்திருப்பவர்கள் தோளோடு தோள் உரசி நிற்பார்கள். உள்பக்கம் பார்த்து நின்று இடது கையால் வாங்க வேண்டும். வலது கையை நீட்டினால் உடம்பு வெளிப்பக்கம் திரும்பிவிடும், ஓடி வருகிறவர் மேல் மோத வேண்டியதுதான். முதல் ஆளாக ஓடினால் வாங்கும் வேலையே இல்லை. ஆனால் கமாலுதீன் துப்பாக்கிச் சத்தத்தைக் கேட்டு, யோசித்து, அப்புறம்தான் கிளம்புவார். கடைசி ஆளாக ஓடி, முன்னால் போகிறவர்களைத் துரத்திப் பிடிப்பதில்தான் அவரை அடிக்க ஆளில்லை.

ஐரோப்பாவில் பனி கொட்டும் ஒரு நகரத்தில் உலக மூத்தோர் உள்ளரங்கப் போட்டி நடந்தது. வயிரவனுக்கு அதுதான் கடைசி ஓட்டம். ஊர் திரும்பியதும் முழங்காலில் அறுவை சிகிச்சை, அதோடு ஓட்டத்துக்கு முழுக்கு என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். இத்தனை வருஷத்தில் ஒரு பதக்கம்கூட அவர் கழுத்தில் ஏறியதில்லை. இதெல்லாம் கமாலுதீனுக்குத் தெரியும். தெரிந்தும், முந்தின நாள் பயிற்சியில் வயிரவன் கோலோடு ஓடி வந்தபோது வலது கை தானாக நீண்டது. இருவரும் மோதிக்கொண்டார்கள், கோல் உருண்டு போனது. வாய் ஓயாமல் கிண்டலடிக்கும் வயிரவன் அன்று நொண்டிக்கொண்டே போய்க் கோலைப் பொறுக்கி வந்தார். அதுதான் கமாலுதீனுக்குச் சுருக்கென்று தைத்தது.

போட்டியன்று காலை, வயிரவன் ஷூவுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தபோது கமாலுதீன் முன்னால் போய் நின்றார்.

“செட்டியாரே, ஒன்னு கேக்கணும்.”

“கேளுங்க பாய்.”

“இன்னிக்கு உங்ககிட்ட இடது கையால வாங்கப் போறேன். நீங்க தப்பா எடுத்துக்கக் கூடாது. மன்னிச்சேன்னு வாயால சொல்லிடுங்க.”

வயிரவன் சிரிக்கப் பார்த்தார். கமாலுதீனின் முகத்தைக் கண்டதும் சிரிப்பு அப்படியே நின்றுபோனது. குனிந்திருந்தவர் எழுந்து நின்றார்.

“மன்னிச்சேன் பாய். மனசாரச் சொல்றேன். வாங்கிட்டு ஓடுங்க லா.”

கமாலுதீனின் நெஞ்சிலிருந்து பெரிய பாரம் இறங்கியது. நண்பனிடம் ஒரு குச்சியை வாங்கக்கூட மன்னிப்புக் கேட்டு நிற்கிற மனிதரை வேறு எங்கே போய்த் தேடுவது?

ஓட்டத்தில் வயிரவன் நொண்டும் காலோடு நாலாவதாக வந்தார். பக்கத்தில் நின்றவர்களின் முழங்கைகள் கமாலுதீனின் விலாவில் இடித்தன. அவர் அசையவில்லை. இடது கை நீண்டது. கோல் உள்ளங்கையில் வந்து அமர்ந்தது. அப்புறம் அவர் ஓடிய ஓட்டம், மதிய நேரக் கடைக் கூட்டத்தில் குழம்புத் தட்டோடு புகுந்து போகிற அதே லாகவம். கடைசி வளைவில் முன்னால் போனவரை நெருங்கி, கோட்டருகே நெஞ்சைத் தள்ளினார். பலகையில் எழுத்து வரும் வரைக்கும் யாருக்கும் மூச்சு வரவில்லை. மலேசியா மூன்றாவது, வெண்கலப் பதக்கம்.

அணியின் மற்ற இருவரும் கட்டிப்பிடித்துக் குதித்தார்கள். கமாலுதீன் அதற்கெல்லாம் நிற்கவில்லை. கோலைத் திரும்ப வாங்க வந்த அதிகாரியையும் கண்டுகொள்ளவில்லை. தடத்தின் ஓரத்தில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த வயிரவனிடம் நேராகப் போனார். குனிந்து, இரண்டு கையாலும் கோலை நீட்டினார்.

வயிரவன் வேர்த்திருந்த உள்ளங்கைகளைக் கால்சட்டையில் துடைத்தார். துடைத்துவிட்டு, இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். அதிகாரி சற்றுத் தள்ளி நின்று காத்திருந்தார்.