வெளி லைட் எரியாத வீடு

போன செவ்வாய்க்கிழமை எனக்கு வந்த நடுக்கம் இன்னும் முழுசாகப் போகவில்லை. எல்லாம் ஒரு சினிமாவால் வந்த வினை!

கொடைக்கானலில் எனக்குப் பக்கத்து வீட்டுக்காரர் ஹனீபா பாய். ஏரிப் பக்கம் ஸ்வெட்டர் கடை வைத்திருக்கிறார். மழைக்காலம், கூட்டமில்லை. ஞாயிறன்று கடையைச் சீக்கிரம் சாத்திவிட்டு வந்தவர், "த்ரில்லர் படம் ஒண்ணு இருக்கு, வாங்கம்மா பாப்போம்" என்று கூப்பிட்டார். பாய், அவர் மனைவி ஜமீலா அக்கா, நான்... நடுவில் ஒரு தட்டு பஜ்ஜி.

படத்திலும் மலை, மூடுபனி, ஒரு புருஷன், ஒரு பெண்டாட்டி. யாரோ தன்னைக் கொஞ்சம் கொஞ்சமாக அழிக்கிறார்கள் என்று அவள் புலம்பிக்கொண்டே இருக்கிறாள். கடைசிக் காட்சியில் புருஷன் வருகிறான். வெளி லைட் அணைந்திருக்கிறது. ஏதோ சொல்லிக்கொண்டே உள்ளே போகிறான். அவள் இல்லை. பின்கதவு காற்றில் ஆடுகிறது. திரை இருட்டு. அவ்வளவுதான் படம்!

"அந்தப் பெண்டாட்டியே கிடையாது, எல்லாம் அவன் மனப்பிரமை" என்றேன் நான். எத்தனை த்ரில்லர் பார்த்திருப்பேன்!

"இல்லம்மா, கொன்னுட்டான். அந்த வீட்டுக் கொல்லையில இருக்குற பேரிக்கா மரத்தடிய தோண்டச் சொல்லுங்க, கெடப்பா" என்றார் பாய்.

அக்கா பஜ்ஜித் தட்டை எடுத்துக்கொண்டே சொன்னார்: "சாகவெல்லாம் இல்ல. அவ கெளம்பிப் போயிட்டா. லைட்ட அணைச்சுட்டுல்ல போயிருக்கா!"

எங்கள் தெருவில் ஒரு வழக்கம். பனி இறங்கினால் பட்டப்பகலானாலும் வெளி லைட்டைப் போட்டுவிடுவோம். வெளியே போனவர் வீடு வந்து சேரும்வரை யாரும் அணைக்கமாட்டோம்.

"என்னத்துக்குப் போகணும்? அவளுக்கு என்ன கொறச்சல்?" என்று பாய் சிரித்தார்.

"அதத்தான் படம் பூரா சொல்லிக்கிட்டு இருந்தா. நீங்க செல்போனப் பாத்துக்கிட்டு இருந்தீக."

எனக்குச் சுருக்கென்றது. அக்கா மாடி அறையில் தையல் வகுப்பு நடத்திக்கொண்டிருந்தார். சீசனுக்கு மட்டும் என்று சொல்லி பாய் அங்கே கட்டில்களைப் போட்டு டூரிஸ்ட்டுகளுக்கு விட்டார். சீசன் முடிந்தும் மெஷின் தார்ப்பாய்க்குள்தான் கிடக்கிறது. அக்கா கேட்கும்போதெல்லாம் பாயிடமிருந்து ஒரே பதில்... "பாப்போம்."

செவ்வாய்க்கிழமை மத்தியானமே பனி இறங்கிவிட்டது. எங்கள் லைட்டைப் போட வெளியே வந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். பாய் வீட்டில் வெளி லைட் எரியவில்லை!

ஐயோ, அக்கா போயே போய்விட்டாரா? ஓடினேன். கேட்டருகே, கடையைச் சாத்திவிட்டு வந்த பாய் நனைந்தபடி நின்றிருந்தார். சொந்த வீட்டுக்குள் நுழையப் பயந்து நிற்கிற மனுஷனை அன்றுதான் பார்த்தேன்.

"லைட்டு எரியலியேம்மா..." என்றார்.

கதவு சும்மாதான் சாத்தியிருந்தது. கூடத்தில் யாருமில்லை. அடுப்படியில் யாருமில்லை. பின்கதவு திறந்து கிடந்தது. அந்தப் படத்தைப் போலவே!

"ஜமீலா!" என்று கத்தினார் பாய். "ஜமீலா... எங்கம்மா இருக்க?"

கொஞ்சம் கழித்து மாடியிலிருந்து ஒரு சத்தம்... கடகட கடகட. தையல் மெஷின்!

ஏறி ஓடினோம். கட்டில்களெல்லாம் வராந்தாவில் சாய்ந்து கிடந்தன. அக்கா நிமிராமல் தைத்துக்கொண்டிருந்தார்.

"லைட்ட ஏன் போடல?" பாய்க்கு மூச்சு வாங்கியது.

"அவ என்னத்துக்குப் போகணும்னு கேட்டீகளே... இப்ப வெளங்குச்சா?"

பாய் வராந்தாவில் கிடந்த கட்டில்களைப் பார்த்தார். "மழையில நனையுது. வெரசா வித்துப்புடுறேன்" என்று சொல்லிவிட்டு, வெளி லைட்டைப் போடக் கீழே இறங்கினார்.

நான் மூச்சு விட்டேன். அப்போதுதான் மெஷினுக்குப் பக்கத்தில் இருந்த பயணப் பை கண்ணில் பட்டது. புடைத்துக்கொண்டு, ஜிப் போட்டு, தயாராக.

"அக்கா... இது எதுக்கு?"

அக்கா நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். "வந்ததும் மொதல்ல என்ன கேக்குறாருன்னு பாத்தேன். எம்பேரச் சொல்லிக் கூப்புட்டாரு. இருந்துட்டேன்."

வீட்டுக்கு வந்தேன். அந்தப் படத்தின் கடைசிக் காட்சியை மறுபடி போட்டு, சத்தத்தைக் கூட்டி வைத்துக் கேட்டேன். அந்தப் புருஷன் உள்ளே நுழையும்போது என்ன சொல்கிறான் தெரியுமா?

"டீ எங்க?"