படம் கழுவுவது யார்?

அந்தப் பெட்டி கேமராவை என் கணவர் தன்னோடு தொழிற்சாலையில் வேலை பார்த்த ஓர் ஆங்கிலோ-இந்தியரிடமிருந்து வாங்கி வந்தார். அந்த மனிதர் குடும்பத்தோடு ஆஸ்திரேலியாவுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். சுதந்திரம் வந்து இரண்டு மூன்று வருடங்கள் ஆகியிருந்த சமயம் அது. என் கணவருக்கு ஒரே ரோலில் கேமரா அலுத்துப்போனது. எனக்கு அலுக்கவில்லை.

அதில் கற்றுக்கொள்ள அதிகமில்லை. முன்னால் ஒரு கண்ணாடி, பக்கத்தில் ஒரு விசை. நல்ல வெயில் வேண்டும், எதிரில் இருப்பவர் கொஞ்சம் தள்ளி நிற்க வேண்டும், பெட்டியை வயிற்றோடு அணைத்துக்கொண்டு மூச்சடக்கி விசையைத் தட்ட வேண்டும். அல்சூர் ஏரிக்கரையில் என் குழந்தைகளை எடுத்தேன். படங்கள் நன்றாக வரவே, ஜோகுபாளையத்தில் எங்கள் தெருவுக்குள் அந்தப் பேச்சு பரவியது.

அடுத்த தெருவில் ஒரு முஸ்லிம் குடும்பம் இருந்தது. அந்த வீட்டு அம்மா ஒருநாள் மத்தியானம் என்னைத் தேடி வந்தார். சின்ன மகளுக்குக் கல்யாணம். மூத்த மகள் தேசம் பிரிந்தபோது புருஷனோடு கராச்சிக்குப் போனவள், கல்யாணத்துக்கு வர முடியாது. தங்கையை மணக்கோலத்தில் ஒரு படமாவது பார்க்க வேண்டும் என்று எழுதியிருந்தாளாம். பெண்கள் வெளி ஆண்கள் கண்ணில் படாத கோஷா வீட்டுக்குள் ஸ்டூடியோக்காரரைக் கூப்பிட முடியாது. நான் எடுத்துத் தர வேண்டும், கூலியும் வாங்கிக்கொள்ள வேண்டும் என்றார்.

நான் உடனே சரி என்றேன். அவர் எழுந்திருக்கவில்லை.

"நீ எடுக்கிறே மா, சரி. களுவுறது யாரு?"

எனக்குப் புரியவில்லை.

"ஸ்டூடியோல ஆம்பளதானே களுவுறான்? அவன் பாத்துட்டா, அப்புறம் நீ எடுத்து என்ன பிரயோஜனம்?"

அதை நான் யோசித்தே இருக்கவில்லை. ரோலைக் கொடுத்தால் படம் வரும், அவ்வளவுதான் எனக்குத் தெரியும். கொஞ்ச நாள் அவகாசம் கேட்டு அவரை அனுப்பினேன். போகும்போது அவர் முகம் வாடியிருந்தது. அதைப் பார்த்தபின் முடியாது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

எங்கள் வரிசை வீட்டில் கடைசிப் பகுதியில் ஒரு நர்ஸ் குடியிருந்தாள். கோலார் தங்கவயலில் சுரங்கத் தொழிலாளியின் மகள், கிறிஸ்தவப் பெண். மிஷன் ஆஸ்பத்திரியில் எக்ஸ்-ரே அறையில் அவளுக்கு வேலை. அவளிடம் சும்மா புலம்பத்தான் போனேன். முழுவதையும் கேட்டுவிட்டு அவள் சொன்னாள்:

"எக்ஸ்-ரே படத்த நாங்கதானே அக்கா தினம் கழுவுறோம். இதுவும் ஃபிலிம்தானே? மதர் கிட்ட கேட்டுப் பாக்கிறேன்."

ஆஸ்பத்திரியை நடத்திய கன்னிகாஸ்திரீயான அந்த மதர் காரணத்தைக் கேட்டாராம். கேட்டபின் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த பிறகு இருட்டறையை உபயோகித்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்.

பழகுவதற்காக என் பிள்ளைகளை எடுத்த முதல் ரோல் பாழானது. சுருளின் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கறுத்துப்போயிற்று. அடுத்ததில் பழகிவிட்டது. சிவப்பு விளக்கின் கீழே ஃபிலிமின் இரு முனைகளையும் பிடித்துக்கொண்டு, தட்டிலிருக்கும் மருந்தில் மேலும் கீழுமாக இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். என் மகனின் முகம் வெளுப்பும் கறுப்பும் மாறி மெல்ல எழுந்து வந்ததைப் பார்த்து நானும் அவளும் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். பெரிதாக்கும் கருவி எங்களிடம் இல்லை. அது தேவைப்படவும் இல்லை. பெட்டி கேமராவின் ஃபிலிம் அகலமானது. அதைக் காகிதத்தின் மேல் வைத்து விளக்கைக் காட்டினால் உள்ளங்கை அளவில் படம் விழுந்துவிடும்.

கழுவுவதும் பெண்கள்தான் என்று அந்த அம்மாவிடம் போய்ச் சொன்னேன். கல்யாணத்தன்று புதுச் சிக்கல் வந்தது. பெண்கள் இருந்த உள்ளறையில் வெளிச்சம் போதாது. பின்முற்றத்தில் வெயில் இருந்தது, ஆனால் பக்கத்து வீட்டு மாடி ஜன்னல் அங்கேதான் பார்த்துக்கொண்டிருந்தது. மணப்பெண்ணின் அம்மா பீரோவிலிருந்து வெள்ளைப் படுக்கை விரிப்புகளை எடுத்து வரச் சொன்னார். பெண்கள் சுற்றி நின்று அவற்றைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தார்கள். நான்கு பக்கமும் வெள்ளைச் சுவர் எழும்பியது. துணியில் பட்ட வெயில் திரும்பி வந்து பெண்ணின் முகத்தில் நிழலே இல்லாமல் பரவியது. அப்படி ஒரு வெளிச்சம் எனக்கு அதற்கு முன் வாய்த்ததில்லை.

பெண் வழக்கப்படி தலை குனிந்தே உட்கார்ந்திருந்தாள். அப்படியே சில படங்கள் எடுத்தேன். பிறகு பெட்டியின் கண்ணாடியைத் தொட்டுக் காட்டினேன்.

"கண்ணு, உங்க அக்கா இது வழியாத்தான் உன்னைப் பாக்கப் போறாங்க."

அவள் நிமிர்ந்தாள். விசையைத் தட்டினேன்.

அந்தப் படம் நன்றாக விழுந்தது. ஆனால் இந்தக் கேமராவில் மேலே குனிந்து பார்க்கிற சின்னக் கண்ணாடியில் தெரிவது ஒன்று, ஃபிலிமில் விழுவது கொஞ்சம் கூடுதல். ஓரத்தில், விரிப்பைப் பிடித்திருந்த யாரோ ஒருவரின் விரல்கள் விழுந்துவிட்டன. எனக்கு அவமானமாக இருந்தது. கூலி வாங்கிச் செய்கிற வேலையில் இப்படியா என்று நர்ஸிடம் வருந்தினேன். வெட்டிவிடலாம் என்றால் பெண்ணின் முந்தானையும் போய்விடும். அப்படியே கொடுத்தேன், ஃபிலிமையும் சேர்த்து. அந்த அம்மா படத்தை ஜன்னலருகே கொண்டுபோய்ப் பார்த்தார். என் தலையைத் தடவிக் கொடுத்தார்.

கராச்சியிலிருந்து பதில் வந்ததும் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். உருதுவில் இருந்ததை எனக்குத் தமிழில் சொன்னார். தங்கை அழகாக இருக்கிறாள் என்று எழுதியிருந்தாள். அதற்குக் கீழே, ஓரத்தில் இருக்கிற விரல்கள் அம்மாவுடையவை என்று பார்த்ததுமே தெரிந்துவிட்டதாகவும், தினமும் அதைத்தான் எடுத்துப் பார்ப்பதாகவும் எழுதியிருந்தாள். தன் முகத்தைப் படமெடுக்க ஒருபோதும் சம்மதிக்காத அம்மா அவர். சொல்லி முடித்துவிட்டுத் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அதன்பிறகு அவரே என்னைப் பல வீடுகளுக்கு அழைத்துப் போனார். சிவாஜிநகரிலும் ஃப்ரேசர் டவுனிலும் எத்தனையோ முற்றங்களில் விரிப்புகள் எனக்காக உயர்ந்தன. கல்யாணப் பெண்கள், பிள்ளை பெற்றவர்கள், கண் மங்குவதற்குள் ஒரு படம் வேண்டும் என்ற முதியவர்கள். அந்த வருமானம் என் பிள்ளைகளின் படிப்புக்கு உதவியது. நல்ல கேமரா வாங்கித் தருவதாக என் கணவர் சொன்னபோது வேண்டாம் என்றேன். சிக்கனத்துக்காக அல்ல. அந்தப் பெட்டியைப் பார்த்து எந்தப் பெண்ணும் மிரண்டதில்லை.

இருட்டறைக்கு வாடகை எதுவும் வாங்க மதர் மறுத்துவிட்டார். அதற்குப் பதிலாக, படிப்பு முடிக்கிற நர்ஸுகளை ஒவ்வொரு வருடமும் எடுத்துத் தரச் சொன்னார். ஆஸ்பத்திரிப் படிகளில் காலை வெயிலில் அவர்களை நிற்க வைப்பேன். ஊருக்கு அனுப்ப ஆளுக்கு ஒரு படம். முதல் வருடம் என் சிநேகிதியான அந்த எக்ஸ்-ரே நர்ஸும் அவர்களோடு வந்து நின்றுகொண்டாள். அவள் படித்து முடித்துப் பல காலம் ஆகியிருந்தது. தங்கவயலில் இருக்கும் அப்பாவிடம் தன் படம் ஒன்றுகூட இல்லை என்றாள். அவளை நடுவில் நிற்க வைத்து எடுத்தேன்.