தண்டவாளத்தில் நின்ற கல்யாணக் கார்

நேற்று குரோம்பேட்டை அருகே, நின்றுபோன காரொன்றைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போனார்கள். ஆட்டோவில் இருந்த எனக்குச் சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்தது. "இன்னாம்மா ஆச்சு?" என்று டிரைவர் பயந்துபோய்த் திரும்பினார். அவரிடம் சொல்ல முடியாததை உங்களிடம் சொல்கிறேன்.

எழுபதுகளின் தொடக்கம். தாம்பரத்தில் நான் டீச்சர் வேலைக்குச் சேர்ந்த புதிது. எனக்குப் பார்த்த மாப்பிள்ளை அந்தோணி, பீரங்கிப் படையில் ஹவில்தார். பெண் பார்க்க வந்த அன்று அவர் என்னிடம் பேசியதெல்லாம் பீரங்கியைப் பற்றித்தான். "மத்த ரெஜிமெண்டுக்குத் துணியில கொடி. எங்களுக்குப் பீரங்கியேதான் கொடி. உயிரே போனாலும் அதை விட்டுட்டு வரமாட்டோம்." வெட்கப்படுவதா, சல்யூட் அடிப்பதா என்று தெரியாமல் காபியை நீட்டினேன்.

கல்யாணம் முடிந்து மாதா கோயிலை விட்டு வெளியே வந்தால், மாமாவின் அம்பாசடர் காருக்கு முன்னால் கட்டைவிரல் கனத்தில் தேங்காய்நார்க் கயிறு! அதைப் பிடித்தபடி விறைப்பாக யூனிபாரத்தில் அந்தோணியின் படைச் சிநேகிதர்கள்.

"ஓடுற வண்டியை எதுக்குப்பா இழுக்கணும்? அபசகுனம்!" என்றாள் அம்மா.

அந்தப் படையில் நாயக் பதவியில் இருந்த பெரம்பூர்க்காரர் சேகர் முன்னால் வந்தார். "அய்யே, மரியாதைம்மா இது! எங்க கர்னல் மாத்தலாயி போறப்போ ஜீப்பை ஸ்டார்ட் பண்ணவே வுடமாட்டோம். கயிறு கட்டி நாங்களே இழுத்துக்கினு போவோம். அந்தக் காலத்துல பீரங்கி இழுக்கற குதிரை வியுந்தா, ஆளுங்கதானே இழுத்தாங்க?"

அம்மா மசியவில்லை. சேகர் குரலைத் தாழ்த்தினார். "உங்க பார்பரம்மா கீறாங்களே, அவங்கதான் பீரங்கிக்காரனுக்குக் காவல். வெள்ளைக்காரன் காலத்துலேர்ந்தே."

புனித பார்பரா பெயரைக் கேட்டதும் அம்மா சிலுவை போட்டுக்கொண்டு வழிவிட்டாள். கற்பூரம் காட்டாத குறையாக ஊர்வலம் கிளம்பியது.

கடைத்தெருவுக்குள் நுழைந்ததும், திருநீர்மலைத் தேருக்கு வடம் பிடித்துப் பழகிய கைகளுக்குக் கயிற்றைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்க முடியுமா? வெற்றிலைக் கடைக்காரர் ஓடிவந்து பிடித்தார். சைக்கிளைச் சாத்திவிட்டு இன்னும் பலர். யாரோ "கோவிந்தா!" என்றார்கள். மாதா கோயில் பேண்டும் சளைக்காமல் வாசித்தது. நான் உள்ளே குலுங்கிக் குலுங்கிச் சிரித்ததில் தலையில் முக்காடாகப் போட்டிருந்த நெட் நழுவி மடியில் விழுந்தது.

ரயில்வே கேட் திறந்திருந்தது. கார் சரியாகத் தண்டவாளத்தின் மேல் ஏறியதும் கயிறு பட்டென்று அறுந்தது. இழுத்தவர்கள் அத்தனை பேரும் குப்புற விழுந்தார்கள். டிரைவர் சாவியைத் திருகத் திருக, இருமல் சத்தம்தான் வந்தது. கேட்கீப்பர் பச்சைக்கொடி, சிவப்புக்கொடி இரண்டையும் ஆட்டிக்கொண்டு ஓடிவந்தார். "டிரெய்ன் சிக்னல்ல நிக்குதுய்யா! எறங்குங்க, எறங்குங்க!"

என் பக்கத்தில் இருந்த இவரோ முன்சீட்டை இறுகப் பிடித்துக்கொண்டு அசையவில்லை. "வண்டியை விட்டுட்டு எறங்கற வழக்கம் எங்களுக்குக் கிடையாது."

"ஏங்க, இது பீரங்கி இல்லீங்க. எங்க மாமாவோட அம்பாசடர்!"

அவரிடம் நான் பேசிய முதல் முழு வாக்கியம் அதுதான்.

கதவைத் திறந்து இறங்கினேன். வெள்ளைப் பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, காரின் பின்னால் போய்த் தோளைக் கொடுத்துத் தள்ளினேன். "அடியே, பொண்ணு நீ!" என்று அம்மா அலறுவது கேட்டது. விழுந்து கிடந்தவர்கள் எழுந்து ஓடிவந்து என் இரண்டு பக்கமும் தோள் கொடுத்தார்கள். கார் அசைந்தது, உருண்டது, தண்டவாளம் தாண்டியது. தூரத்தில் நின்ற மின்சார ரயிலின் ஜன்னல் எல்லாம் தலைகள், விசில்கள். ரயில் டிரைவர் எனக்கென்றே ஒருமுறை ஹாரன் அடித்தார்.

சேகர் மண்ணைத் தட்டிவிட்டு விறைத்து நின்று சல்யூட் வைத்தார். "அண்ணி, இன்னிலேர்ந்து நீங்களும் நம்ம படை!" இவர் அப்போதுதான் இறங்கி வந்தார். என் கன்னத்தில் இருந்த கரியைத் தன் கைக்குட்டையால் துடைத்துவிட்டார். பீரங்கிக்காரரும் வண்டியை விட்டு இறங்குவார் என்பதை அன்று தெரிந்துகொண்டேன்.

சேகர் வருடாவருடம் கிறிஸ்துமஸ் வாழ்த்து அனுப்பிக்கொண்டிருந்தார். பிறகு நின்றுவிட்டது. இவரும் போய்விட்டார். கேட் இருந்த பக்கம் இப்போது மேம்பாலம். மேலே கார் போகிறது, கீழே ரயில் போகிறது. ஒன்றின் முகத்தை ஒன்று பார்ப்பதே இல்லை.