மணவாள நகர் முதல் லண்டன் வரை

மணவாள நகரிலிருந்து கிளம்பியபோது விடிய நேரமிருந்தது. விமான நிலையம் பூந்தமல்லி வழியாகச் சுமார் நாற்பத்தைந்து கிலோமீட்டர். வாடகை ஆயிரத்து நானூறு ரூபாய். காரை ஓட்டிய எங்கள் தெரு செல்வம் டிக்கெட் நேரத்தைக் கேட்டதும் சிரித்தார்.

“அஞ்சரைக்கு ஏறி பதினொண்ணுக்கு எறங்கறியா? அஞ்சர மணி நேரந்தான் நைனா! பெங்களூரு போற மாதிரி கீது.”

நானும் முதலில் அப்படித்தான் கணக்குப் போட்டு ஏமாந்தேன். சென்னைக்கும் லண்டனுக்கும் வான்வழியில் ஏறக்குறைய எட்டாயிரத்து இருநூறு கிலோமீட்டர். பறப்பது பதினோரு மணி நேரம். குளிர்காலத்தில் லண்டன் கடிகாரம் நம்மைவிட ஐந்தரை மணி நேரம் பின்னால் இருப்பதால் பாதி நேரம் காணாமல் போகிறது. உட்கார்ந்து வலிக்கிற முதுகுக்கு அந்தச் சலுகை கிடையாது.

என் மனைவி ஸ்டெல்லா அங்கே நர்ஸ். மகள் ஜெனியுடன் அவள் போனபோது பிள்ளைக்கு இரண்டு வயது, இப்போது நான்கு. எனக்குக் கிடைத்த லீவு பத்தே நாள். அதற்குள் ஜெனி என்னிடம் ஒட்டிக்கொள்வாளா என்பதுதான் என் கவலையெல்லாம்.

விமானத்தில் முன்சீட்டுத் திரையில் மீதித் தூரம் ஓடியது. வைத்த கண் வாங்காமல் அதையே பார்த்தேன். பக்கத்தில் இருந்த பழவேற்காட்டு பாய் பொறுமை இழந்துவிட்டார்.

“அத்தையே பாத்துகினு இருந்தா பேஜாரு தான் தம்பி. நாஷ்டா துன்னுட்டு தூங்கு.”

தூக்கம் எங்கே வந்தது!

லண்டனில் வெளியே வந்ததும் ஸ்டெல்லாவைக் கண்டேன். கையை நீட்டினேன். ஜெனி அம்மாவின் கோட்டுக்குப் பின்னால் போய்விட்டாள்.

“அப்பாதாண்டி, போம்மா,” என்றாள் ஸ்டெல்லா.

“இல்ல. அப்பா பஸ்ல கீறாரு.”

தவறு அவளுடையதல்ல. கும்மிடிப்பூண்டியில் முதல் ஷிப்ட் முடித்து, மதியம் கம்பெனி பஸ்ஸில் திரும்பும்போதுதான் தினமும் வீடியோவில் பேசுவேன். அங்கே அவள் பள்ளிக்குக் கிளம்பும் நேரம். பெரியபாளையம் தாண்டும்வரை, ஆடுகிற ஜன்னலோரம் ஒரு நீலச் சட்டை. அவளுக்கு அதுதான் அப்பா.

“அப்பாக்கு போன் போடும்மா. யாரோ வந்துகீறாங்கன்னு சொல்லணும்,” என்று அழ ஆரம்பித்தாள்.

ஸ்டெல்லா தன் போனை எடுத்துக்கொண்டே எனக்குக் கண்ணைக் காட்டினாள். நான் ஒரு தூணுக்குப் பின்னால் போனேன். விமான நிலையத்து வைஃபையில் போன் அடித்தது, எடுத்தேன்.

“அப்பா, பஸ்ஸு ஏன் ஆடல?”

“நின்னுடுச்சி பாப்பா.”

“நீ எப்பப்பா வருவ?”

நான் இவ்வளவு தூரம் பறந்து வந்தும், தூணுக்கு அந்தப் பக்கம் என் பிள்ளை எனக்காகவே ஏங்கி நின்றாள்.

“வந்துட்டேன் பாப்பா,” என்றேன். போனை முகத்துக்கு நேரே பிடித்தபடியே தூணைவிட்டு வெளியே நடந்தேன்.