டாக்டர் வேலாத்தாளும் நான்கு மணி நேர மருந்தும்

டாக்டர் வேலாத்தாளின் ஊரான எருத்தேன்பதியிலிருந்து ட்ரங்க் கால் வந்திருப்பதாக எஸ்டேட் ஆபீசிலிருந்து என்னைக் கூப்பிட்டார்கள். பேசியவர் அவருடைய தம்பி. "அக்கா காலைல எங்கள விட்டுப் போயிட்டாங்க, சிஸ்டர்." பள்ளிவாசல் எஸ்டேட்டின் லயன் வீடுகளில் அவரிடம் மருந்து வாங்கிக் குடித்த உங்களுக்காக, எஸ்டேட் ஆஸ்பத்திரியில் அவருடன் வேலை பார்த்த நர்ஸ் நான் இதை எழுதுகிறேன்.

தேயிலை ஃபாக்டரியில் வேலை பார்த்த முத்தையாவை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். கன்னத்தில் வந்த புற்று தாடையைத் தின்றுகொண்டிருந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் கைவிரித்துவிட்டார்கள். வலி ஏறும்போது சுவரில் தலையை மோதுவார். நெற்றி பிளந்து ரத்தம் வழியும். கட்டிலோடு கயிற்றால் கட்டிவைத்தோம். நோயாளி கத்தினால்தான் ஊசி என்பது அன்றைய வழக்கம்.

ஒருநாள் கஞ்சி குடிக்க அவரை அவிழ்த்துவிட்டோம். மனைவியின் கூடையிலிருந்து, தேயிலைச் செடி வெட்டும் கவாத்துக் கத்தியை உருவித் தன் தாடையையே அறுக்கத் தொடங்கினார். டாக்டர் பாய்ந்து வெறுங்கையால் கத்தியைப் பிடித்தார்.

"விடுங்க டாக்டரம்மா! அறுத்து எறிஞ்சிருதேன்!"

இருவர் ரத்தமும் தரையில் கலந்து கிடந்தது. டாக்டரின் உள்ளங்கைக்கு நான் தையல் போடும்போது அவர் சொன்னார்: "ஆளைத்தான் கட்டிப்போட்டோம், சிஸ்டர். வலியைக் கட்டலீங்களே."

அபினியிலிருந்து எடுக்கும் மார்ஃபினை வாய்வழியாக, நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை, வலி திரும்புவதற்கு முன்பே கொடுக்க வேண்டும். போதவில்லை என்றால் அளவைக் கூட்ட வேண்டும். வெளிநாட்டில் சிலர் அப்படிச் செய்கிறார்கள் என்று அவர் படித்திருந்தார். அனுமதிக்காக அலைந்து, அதிகாரிகளிடம் ஏச்சு வாங்கி, மருந்தைக் கொண்டுவந்தார். பல மாதங்களாகத் தூங்காத முத்தையா அடித்துப்போட்டதுபோல் தூங்கினார்.

அந்தத் தூக்கம்தான் வினையானது. முத்தையாவின் அண்ணன் மாடசாமி ஆட்களோடு வார்டுக்குள் புகுந்தார். "எந்தம்பிய அபினி ஊத்திக் கொல்லுதியளா?" என்று கேட்டுக்கொண்டே டாக்டரின் முகத்தில் குத்தினார். உதடு கிழிந்தது. மருந்து பாட்டிலைத் தரையில் அடித்து நொறுக்கிவிட்டுத் தம்பியைத் தூக்கிக்கொண்டு போனார்.

மருந்து நின்றதும் வலி திரும்பியது. பிடித்து அமுக்கிய அண்ணனின் முன்கையைச் சதையோடு கடித்தெடுத்தார் முத்தையா. மாலைக்குள் மாடசாமி, ரத்தம் சொட்டும் கையோடு, தம்பியைச் சுமந்துகொண்டு ஆஸ்பத்திரி வாசலில் நின்றார். போலீசைக் கூப்பிடத்தான் எங்களுக்குக் கை துடித்தது.

வீங்கிய வாயோடு டாக்டர் வந்தார். "அதெல்லாம் அப்பறமுங்க. அடிச்சது இவரு, வலி அவருக்கு." அலமாரியைத் திறந்து வேறு பாட்டிலை எடுத்தார். மருந்தை அளந்து மாடசாமியின் கையிலேயே கொடுத்தார். "இனிமே நீங்கதான் குடுக்கோணும். நேரம் தவறக் கூடாதுங்க."

மாடசாமி தவறவிடவில்லை. சாகும்வரை முத்தையாவை யாரும் கட்டவில்லை. ஒருநாள், கஞ்சியில் உப்பில்லை என்று முத்தையா மனைவியிடம் சண்டை பிடித்தார். அந்தச் சண்டையைக் கேட்டு, தையல் போட்ட உதடு வலிக்க வலிக்க டாக்டர் சிரித்தது இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

பிறகு அவருக்கே முதுகெலும்பில் புற்று வந்தது. ஊரில் போய்ப் பார்த்தேன். என்ன சொல்வதென்று தெரியாமல், "நீங்க தைரியசாலி, தாங்கிக்கிடுவீங்க" என்றேன். கையிலிருந்த டம்ளரைச் சுவரில் வீசி எறிந்தார்.

"தாங்கிக்குவேன்னு யாருங்க சொன்னது? வலிக்குதான்னு கேளுங்க!"

கேட்டேன். "வலிக்குதுங்க, சிஸ்டர்" என்று குழந்தைபோல் அழுதார். அன்றே மருந்தின் அளவைக் கூட்டச் செய்தோம்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தக் கோபம்தான். பல்லைக் கடித்துக்கொண்டு சத்தமில்லாமல் கிடக்கும் நோயாளியைப் பொறுமைசாலி என்று நான் இப்போது புகழ்வதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, வலிக்குதா என்று கேட்கிறேன்.