இலை கொட்டிய ரப்பர் மலையில் தண்ணீர்

பேய், முனி என்று யாராவது ஆரம்பித்தாலே எழுந்து போய்விடுகிற ஆள் நான், அதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஓப்பநாயக்க பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் எனக்குப் பெயரே 'தண்ணிப் போத்தல்'. வெயில் காலத்தில் யார் பயணம் கிளம்பினாலும் மறித்து நிறுத்தி, தாகம் எடுக்கும் முன்னே தண்ணீர் குடி, குடை எடு, பன்னிரண்டிலிருந்து மூன்று வரை நடக்காதே, களைத்தால் ஒரு தெம்பிலி வெட்டச் சொல்லி இளநீர் குடி என்று பாடம் நடத்தாமல் விடமாட்டேன். அப்படிப்பட்ட நான்தான் ஒரு பெப்ரவரி மாதம் கித்துல்கலவில் உச்சி வெயிலில் குடையும் போத்தலும் இல்லாமல் ஓடினேன், சிரிப்பதென்றால் இப்போதே சிரித்துவிடுங்கள்.

அங்கே ஒரு ரப்பர் தோட்டத்தில்தான் தங்கையைக் கட்டிக்கொடுத்திருக்கிறோம். அவள் மகள் தர்ஷிக்கு அன்றைக்கு, டிசம்பரிலிருந்து தள்ளிப்போன ஓ.எல். அரசாங்கப் பரீட்சையில் கணக்கு. எல்லாரும் வேலைக்குப் போயிருந்தார்கள், வீட்டில் விருந்துக்கு வந்த நான் மட்டும். பன்னிரண்டு மணிக்கு டீச்சரின் போனிலிருந்து அழுதுகொண்டே பேசினாள்.

"பெரியம்மா, ஐடென்டி கார்ட மேசையிலயே விட்டுட்டேங்க. ஒரு மணிக்குள்ள வராட்டி எழுத விட மாட்டாங்களாம்."

"அழாத கண்ணு. பெரியம்மா வந்துட்டேன்னு நெனச்சுக்க."

கார்டைப் பழுப்புக் கவரோடு எடுத்துக்கொண்டேன். ரோட்டைச் சுற்றினால் ஒரு மணி நேரம், ரப்பர் மலையில் குறுக்கே இறங்கினால் அரை மணி. ரப்பர் என்றால் நிழல்தானே என்று நினைத்தேன், தேயிலைக்காரி புத்தி. அந்த மாதம் ரப்பர் மரம் இலையெல்லாம் கொட்டி மொட்டையாக நிற்கும் என்பது அங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

பாதி மலை இறங்குவதற்குள் தலை சுற்றி, வேர்ப்பது நின்றுபோயிற்று, வேர்வை நின்றால் ஆபத்து என்று ஊருக்கெல்லாம் சொன்னவள் நான், பயந்தே போனேன். ஒரு மரத்தடியில் உட்கார்ந்துவிட்டேன். பிள்ளையின் பரீட்சை போயிற்றே என்றுதான் முதலில் அழுகை வந்தது. எழுந்திருக்க மரத்தைப் பிடித்தபோது விரலில் சில்லென்றது. மரத்துக் கம்பியில் மாட்டிப் பால் பிடிக்கிற சிரட்டை, அது நிறையத் தண்ணீர். நம்பினால் நம்புங்கள், எங்கள் தோட்டத்தில் மலையிலிருந்து விழுகிற பீலித் தண்ணீர்கூட அத்தனை குளிர்ச்சி இல்லை. குடித்துவிட்டு, கவர் பறக்காமலிருக்க அந்தச் சிரட்டையை அதன்மேல் கவிழ்த்தேன். அடுத்த மரத்துச் சிரட்டையிலும் தண்ணீர் இருந்தது, அதில் முகம் கழுவினேன், முதல் சிரட்டையைக் கம்பியிலேயே மாட்டிவிட்டுக் கவரை எடுத்துக்கொண்டேன். பிறகு பள்ளிக்கூடத்து ரோடு வரைக்கும் மரத்துக்கு மரம் தண்ணீர்தான், யாரோ ஒரு நல்ல மனுஷன் குரங்குக்கு வைத்திருக்கிறான் என்று வாழ்த்திக்கொண்டே தலையில் ஊற்றிக்கொண்டு இறங்கினேன்.

பத்து நிமிடம் மிச்சமிருந்தது. தர்ஷி கார்டை உருவிக்கொண்டு கவரை என்னிடமே கொடுத்தாள்.

"என்ன பெரியம்மா, ஆத்துல விழுந்தா வர்றீங்க?"

சாயங்காலம் அவளோடு அதே வழியில் ஏறும்போது தோட்டத்துக் கங்காணி எதிரே வந்தார். சிரட்டையில் தண்ணீர் வைத்த புண்ணியவான் யார் என்று கேட்டேன்.

"செரட்டையா? எல கொட்டுனதுமே பால் வெட்ட நிப்பாட்டி, அம்புட்டையும் கழட்டி ஸ்டோர்ல போட்டுட்டமே அக்கா."

திரும்பிப் பார்த்தேன். மரங்களில் வெறும் கம்பிதான் இருந்தது. வெயில் மண்டைக்கு ஏறிவிட்டது என்று தர்ஷி வீடு வரை சிரித்தாள், நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன், கவரை மேசையில் வைக்கும் வரை. அதன்மேல் சிரட்டை வாய் அளவுக்கு வட்டமாக ஒரு வெள்ளைக் கோடு. ரப்பர் பால்.

தர்ஷி கணக்கில் 'ஏ' எடுத்தாள், இப்போது கொழும்பில் வேலை பார்க்கிறாள். நான் இப்போதெல்லாம் தங்கை வீட்டுக்கு இரண்டு போத்தலோடு போகிறேன், ஒன்று எனக்கு, இன்னொன்றை அந்த மரத்தடியில் வைத்துவிட்டு வருவேன். கவர் என் பெட்டியில் இருக்கிறது. ரப்பர் பால் ஒரே நாளில் காய்ந்து மஞ்சளாகிவிடும், யாரிடம் வேண்டுமானாலும் கேளுங்கள். அந்த வட்டம் இன்னும் வெள்ளையாகவே இருக்கிறது. போன வாரம் தொட்டுப் பார்த்தேன், விரலில் ஒட்டியது.